மேடையைப் பார்த்து நிற்கும் சோலார்

போன வாரம், போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற ஏரியாவில் நான் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடிக்கு சோலார் வந்தது. மானியத்தில். ஹவுஸ் ஓனர் அதற்கு முன்பிருந்தே உற்சாகமாக இருந்தார். கொடியில் கிடந்த துணிகளை எடுக்கச் சொல்லி, மாடியைப் பெருக்கச் சொல்லி, தண்ணீர் தெளிக்கச் சொல்லி... கோலம் ஒன்றுதான் பாக்கி.

பேனலைத் தூக்கி வந்த ஃபிட்டர் அதைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்தான். வயர் கொடுக்கவில்லை. ஒரு போல்ட் கூட முடுக்கவில்லை. முதல் வேலையாக போனை எடுத்தான்.

"சார், மேடத்தையும் கூப்பிடுங்க. ரெண்டு பேரும் பக்கத்துல நில்லுங்க."

மேடம் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தார்.

மாட்டி முடித்துவிட்டு போட்டோ எடுக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். போட்டோ போனால்தான் ஃபைல் நகருமாம், ஃபைல் நகர்ந்தால்தான் மானியமாம், மானியம் வந்தால்தான் மாட்டுவதற்கு ஆள் வருமாம். மாட்ட ஆள் என்றால் நீ யாரப்பா? அவன் போட்டோ எடுக்க வந்தவன்!

நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். டீ குடிக்கக்கூடத் தோன்றவில்லை. சோலாரும் போட்டோவும் சேர்ந்தால் எனக்கு ஹட் பே ராசம்மா அக்காவின் கீரைப் பாத்தி ஞாபகத்துக்கு வந்துவிடும். கீரைக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

சொல்கிறேன். சந்தோஷமான கதை இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஹட் பே என்பது லிட்டில் அந்தமானில் கப்பல் நிற்கிற இடம். சாயங்காலம் போர்ட் பிளேரில் ஏறினால் விடிந்ததும் இறங்கலாம் — கடலுக்கு மனசிருந்தால். சுனாமி முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கரையோர வீடுகள் போய், ஜனங்கள் மேட்டில் தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள். தற்காலிகம் என்று சொல்லிக் கட்டியது. தற்காலிகம் எவ்வளவு நீளம் என்று கொட்டகையில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நான் அப்போது எங்கே வேலை கிடைத்தாலும் போகிற ஆள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதே கொட்டகைகளுக்குத் தகரம் அடித்திருக்கிறேன். கப்பல் வந்து அணைகிற ஜெட்டியில் மூட்டை தூக்கியிருக்கிறேன். கொஞ்ச காலம் கப்பல் கேன்டீனில் பாத்திரம் கழுவினேன். மலேரியா வந்தால் படுப்பது, விட்டால் எழுந்து வேலை தேடுவது. அப்படித்தான் மெயின்லேண்டிலிருந்து வந்த ஒரு சோலார் ஃபிட்டருக்கு ஹெல்பரானேன். பேனலைத் தூக்கணும், ஸ்பேனர் கேட்டால் எடுத்துக் கொடுக்கணும். அவ்வளவுதான் வேலை.

ராசம்மா அக்கா அந்தக் கொட்டகைகளில் ஒன்றில் இருந்தவர். அவருடைய அப்பா அம்மா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, இங்கே தோட்ட வேலைக்கு என்று கொண்டுவந்து விடப்பட்டவர்கள். அக்கா பாமாயில் தோட்டத்தில் வேலை பார்த்தார். தகரக் கொட்டகையை இன்னும், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளைச் சொல்கிற மாதிரி, 'லயம்' என்றுதான் சொல்வார். பேன்ட் போட்டு ஃபைல் வைத்திருக்கிற எல்லோரும் அவருக்கு 'தொரை'. வீட்டுக்காரர் அலையில் போய்விட்டார். ரேஷன் மண்ணெண்ணெய் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் அதைச் சொன்னார். சொல்லிவிட்டு மண்ணெண்ணெய்க்கே திரும்பிவிட்டார். அந்தப் பக்கத்தில் எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு வரி உண்டு.

தோட்டத்தில் வேலை குறைந்துகொண்டே வந்தது. வாரத்தில் பாதி நாள் 'இன்னிக்கு ஆள் வேணாம்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சமதரையைக் கொத்தி, கீரை போட்டிருந்தார். முளைக்கீரை, கொஞ்சம் வெண்டை, ஓரத்தில் மிளகாய். ஹட் பே பஜாரில் பச்சையாக எதைக் கொண்டுபோய் வைத்தாலும் போய்விடும். மெயின்லேண்டிலிருந்து வரும் காய்கறி போர்ட் பிளேரில் ஒரு தடவை வாடி, இங்கே வந்து இன்னொரு தடவை வாடும். அக்காவின் கீரை காலையில் பிடுங்கியது. அது போதாதா?

கஷ்டம் தண்ணீர்தான். கரையோரக் கிணறுகள் எல்லாம் அலைக்குப் பிறகு உப்பு. நல்ல கிணறு ஒன்று சரிவின் அடியில் இருந்தது. குடத்தோடு ஏற வேண்டும். அக்காவுக்கு முட்டி சரியில்லை. அலை வந்த அன்று விழுந்தது. டீசல் மோட்டார் வைத்துப் பார்த்தார்கள். டீசல் கப்பலில் வர வேண்டும். கப்பல் வந்தால் பவர் ஹவுஸுக்கே பற்றாது; கிணற்று மோட்டாருக்கு யார் கொடுப்பார்கள்?

அப்போதுதான் சோலார் பம்ப் வந்தது. பெரும்பங்கு அரசாங்க மானியம். இந்தக் கொட்டகைகளுக்கு ஒன்று, அடுத்து இன்னும் இரண்டு குடியிருப்புகளுக்கு. முதலில் இங்கே போட்டு, எல்லாம் சரி என்று பாஸ் ஆனால் மற்ற இரண்டும் வரும் என்று ஏற்பாடு.

நல்ல திட்டம். சத்தியமாகச் சொல்கிறேன், நான் சோலாருக்கு எதிரி இல்லை. கப்பலுக்காகக் காத்திருந்து இருட்டில் சாப்பிட்டவனுக்கு சூரியன் மேல் என்ன கோபம் இருக்க முடியும்?

கான்ட்ராக்ட் மாணிக்கத்துக்குக் கிடைத்தது. ராமநாதபுரத்துக் குடும்பம், ஆனால் பிறந்தது போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில். பாதி ஹிந்தியில்தான் பேசுவார். கட்சிக்காரர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள் — அப்போது எது மேலே இருந்ததோ அது. நம் தீவில் டெண்டர் என்பதும் கப்பல் டிக்கெட் மாதிரிதான். கவுன்ட்டர் திறப்பதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஆனால் மாணிக்கம் கெட்டவர் இல்லை. கூலியை இழுத்தடிக்க மாட்டார். மழையில் நனைந்தால் டீ வாங்கிக் கொடுப்பார். எனக்கு அவர்மேல் தனியாக எந்த வருத்தமும் கிடையாது.

பேனல் வைக்க வெயில் விழுகிற இடம் வேண்டும். சுற்றிலும் காடு, காட்டில் ஒரு கிளையைத் தொடக் கூடாது. வெயில் விழுகிற ஒரே இடம் எது? அக்காவின் கீரைப் பாத்தி.

ஜூனியர் இன்ஜினியர் வந்தார். எல்லோரும் 'ஜே.ஈ. சாப்' என்று கூப்பிடுகிறவர். இடத்தை விட்டுக் கொடுத்தால், கொஞ்சம் தள்ளி மரத்தடியில் வேறு பாத்தி போட்டுக்கொள்ளலாம், அதன் ஓரத்திலேயே ஒரு பைப் வைத்துத் தருகிறோம் என்றார். பாதி வெயில்தான் கிடைக்கும்; ஆனால் தண்ணீர் கை நீட்டினால் வரும். அக்கா யோசித்தது ரொம்ப நேரம் இல்லை. முட்டி யோசிக்க விடவில்லை. அன்றைக்கே கீரையைப் பிடுங்கிக் கட்டிவிட்டார்.

இரண்டு கம்பம் நட்டோம். ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் ஒரு வரிசை பேனல். கம்பத்தைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டை, பட்டையில் போல்ட். போல்ட்டைத் தளர்த்தினால் பேனலை எந்தப் பக்கமும் திருப்பலாம். ஃபிட்டர் தெற்கே பார்க்க வைத்து, லேசாகச் சாய்த்து முடுக்கினார். நம் பக்கத்தில் எல்லாப் பேனலும் தெற்கேதான் பார்க்கும், பனிக்காலத்திலிருந்து வெயில் ஏறும் மாதங்கள் வரை சூரியன் அந்தப் பக்கம்தான் போகும் என்றார். தீவில் மழை இல்லாத மாதங்களும் அவைதான். சுவிட்சைப் போட்டார். சரிவுக்குக் கீழே மோட்டார் உறுமி, மேலே தொட்டியில் தண்ணீர் கொட்டியது. அக்கா தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்த வாரம் வேறு எதையாவது எழுதியிருப்பேன்.

திறப்பு விழா வைத்தார்கள். டெல்லி வரைக்கும் செல்வாக்குள்ள ஒரு பெரியவர் ஹெலிகாப்டரில் வருகிறார் என்றார்கள். பெயர் வேண்டாம். கிளை ரோட்டில் மேடை போட்டார்கள். கார் வரக்கூடிய இடம் அது ஒன்றுதான். அந்த ரோடு பாத்திக்கு வடக்கே இருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் மாணிக்கம் கட்சி ஆட்களோடு வந்து, மேடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"அரே, இது என்னய்யா? பெரியவர் வந்து உக்காந்தா இது முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது?"

உண்மைதான். மேடையிலிருந்து பார்த்தால் பேனலின் பின்பக்கம்தான் தெரிந்தது. இரும்புச் சட்டம், வயர், ஒரு குளவிக்கூடு. பெரிய மனிதர் ஒருவர் வரும்போது முதுகைக் காட்டி நிற்கலாமா? கட்சி ஆட்கள் எல்லோரும் ஒரே மாதிரி தலையை ஆட்டினார்கள். அதில் ஒருவர், போன விழாவில் ஒரு யானை திரும்பி நின்றதற்கே எவ்வளவு பேச்சு வந்தது என்று ஞாபகப்படுத்தினார்.

சூரியன் தெற்கே இருக்கிறது என்று ஃபிட்டர் சொல்லிப் பார்த்தார்.

"சூரியன் தினமும் வருவான் பாய்," என்றார் மாணிக்கம். "இவர் இன்னொரு தடவை வருவாரா?"

போல்ட்டைத் தளர்த்தி, பேனலை வடக்கே திருப்பினோம். அதுவும் போதவில்லை. முகம் நன்றாகத் தெரியட்டும் என்று நிமிர்த்தி வைக்கச் சொன்னார்கள். நிமிர்த்தினோம். கண்ணாடி மாதிரி பளபளவென்று மேடையைப் பார்த்து நின்றது. இப்போது மோட்டார் ஓடாதே? அதற்கும் வழி இருந்தது. டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பிவிட்டார்கள்.

மறுநாள் பெரியவர் வந்தார். பைப்பைத் திறந்தார். தண்ணீர் வந்தது. கைதட்டல். முதல் குடம் ராசம்மா அக்காவுக்கு. குடத்தை அவரிடம் கொடுத்து, பெரியவரும் ஒரு கை வைத்து, பின்னால் பேனல் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தார்கள். நல்ல போட்டோ. அக்கா அதில் சிரித்துக்கொண்டிருப்பார்.

ஹெலிகாப்டர் போனதும் ஃபிட்டர் ஸ்பேனரைக் கேட்டார். ஜே.ஈ. சாப் "ருக்கோ, ருக்கோ" என்று ஓடி வந்தார். நிறுத்து, நிறுத்து!

விஷயம் இதுதான். மானியத்தின் கடைசிப் பங்கு இன்னும் வரவில்லை. மெயின்லேண்டிலிருந்து ஒரு ஆபீசர் வந்து, ஃபைலில் இருக்கிற போட்டோவையும் இடத்தையும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வரும். விழா போட்டோதான் ஃபைலுக்குப் போகப் போகிறது. அதனால் ஆபீசர் வரும்வரை எதையும் தொடக் கூடாது. இரண்டு வாரத்தில் வந்துவிடுவார் என்றார்.

ஃபிட்டர் கப்பலேறிவிட்டார். நானும் வேலை முடிந்ததால் நன்கோவ்ரி தீவுப் பக்கம் போய்விட்டேன். தென்னங்கன்று நடுகிற வேலை.

நான் மறுபடி ஹட் பேயில் இறங்கியது ஒரு வருடம் கழித்து, அடுத்த வறண்ட பருவத்தில். மேட்டுக்கு ஏறும்போது சரிவில் யாரோ குடத்தோடு, நாலு அடி வைத்து நின்று, மறுபடி நாலு அடி வைத்து ஏறிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போனால், ராசம்மா அக்கா.

பேனல் அப்படியே மேடையைப் பார்த்து நின்றது. மேடை இல்லை. மூங்கில் நட்ட குழிகள் மட்டும் இருந்தன.

ஆபீசர் வரவில்லையாம். ஒரு தடவை கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை. ஒரு தடவை கடல் சரியில்லை. அப்புறம் டிரான்ஸ்ஃபர். அப்புறம் எலெக்‌ஷன். மோட்டார் உச்சி வெயிலில் கொஞ்ச நேரம் நெஞ்சுவலிக்காரன் மாதிரி முனகும், தண்ணீர் பாதி சரிவு ஏறும், நின்றுவிடும். மரத்தடிப் புதுப் பாத்தி வெடித்துக் கிடந்தது. பாத்தி ஓரத்தில் புத்தம்புதிதாக ஒரு பைப். ஜே.ஈ. சாப் சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தார். பைப் வைத்துத் தருவதாகத்தானே சொன்னார்?

தோட்டத்தில் வேலை கிட்டத்தட்ட நின்றுவிட்டது. அக்கா பஜாரில் அடுத்தவர் கடைக்குக் காய்கறி தரம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வாடியதை எடுத்துப் போடுகிற வேலை. பருவம் தவறுவதற்குள் பாத்தியில் ஏதாவது முளைக்காவிட்டால், கொட்டகையைப் பூட்டிவிட்டு போர்ட் பிளேரில் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கப் போக வேண்டியதுதான் என்றார். அவருக்கு அதில் இஷ்டமில்லை. "இந்த மண்ணு எம் பேருல இல்லதான். ஆனா என்னைய தெரியும் அதுக்கு" என்றார்.

பேனலைத் திருப்பச் சொல்லிக் கேட்கவில்லையா என்றேன். கேட்டிருக்கிறார். பலமுறை. கடைசியாக மாணிக்கத்தை ஜெட்டியில் பார்த்துக் கேட்டாராம். அவர் சிரித்துக்கொண்டே, "அக்கா, சூரியன் எங்க ஓடிடப் போறான்? இன்னும் கொஞ்ச மாசம். அவனே வடக்க வருவான், தேக்கோ, பாருங்க" என்றிருக்கிறார்.

"அப்ப மழையும் வருமுங்க" என்றாராம் அக்கா.

மாணிக்கம் அதற்கும் சிரித்தாராம். சொன்னது சரிதானே! சூரியன் வடக்கே வரும். வரும்போது மேகத்தையும் கூட்டிக்கொண்டு வரும். வானத்திலிருந்து தண்ணீர் கொட்டும்போது மோட்டார் ஓடும். தரை வெடிக்கும்போது ஓடாது. வேண்டுமென்றே கணக்குப் போட்டு வைத்தால்கூட இவ்வளவு பொருத்தமாக வைத்திருக்க முடியாது.

"நீங்க அன்னிக்குத் திருப்புன ஆளுதானே தம்பி," என்றார் அக்கா. "இன்னொருக்கா திருப்ப எம்புட்டு நேரமாகும்?"

நேரம் எங்கே ஆகிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் அக்காவும் பக்கத்துக் கொட்டகை ஆள் ஒருவரும் சேர்ந்து திருப்பிவிட்டோம். உப்புக் காற்றில் போல்ட் துருப்பிடித்திருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, ஊறவைத்து, கல்லால் தட்டித் தளர்த்தினோம். தெற்கே பார்த்து, லேசாகச் சாய்த்து, முடுக்கினேன். சாயங்காலத்துக்குள் தொட்டி நிரம்பி வழிந்தது. கொட்டகை ஜனம் முழுக்கக் குடத்தோடு நின்றது. அக்கா மட்டும் குடம் கொண்டு வரவில்லை. ஒரு சின்ன டப்பாவில் விதை கொண்டு வந்தார்.

கீரைக்கு என்ன, தண்ணீரைக் கண்டால் போதும். சில வாரங்களில் பஜாருக்குக் கட்டுக் கட்டாகப் போக ஆரம்பித்தது. போர்ட் பிளேர் பேச்சு அதற்குப் பிறகு அக்கா வாயில் வரவில்லை. நானும் அங்கேயே தங்கிவிட்டேன். ஜெட்டியில் வேலை இருந்தது. சாப்பாட்டுக்குக் கீரை இருந்தது. கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தோம்.

ஆபீசர் எப்போது வந்தார் என்கிறீர்கள்? சரியாக அப்போதுதான்.

கையில் ஃபைல், ஃபைலில் போட்டோ. பின்னால் ஜே.ஈ. சாப், மாணிக்கம். ஆபீசர் போட்டோவைப் பார்த்தார், பேனலைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். யார் திருப்பியது என்று கேட்டார். நான்தான் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குந்தி உட்கார்ந்து, தரையில் விழுந்த நிழலைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். நீ செய்திருப்பதுதான் சரி என்று ஹிந்தியில் சொன்னார். படித்த மனிதர். அவருக்குத் தெரியாதா எது தெற்கு, எது வடக்கு?

அப்படியென்றால் இப்படியே இருக்கிறது என்று எழுதிவிடுங்கள் சாப் என்றேன்.

அவர் போட்டோவை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பெரியவர், குடம், அக்கா, பின்னால் வடக்கே பார்த்த பேனல். பேனல் நின்ற விதம் தப்பு என்று எழுதினால், தப்பாக நின்ற பேனலைப் பெரியவர் திறந்துவைத்தார் என்றாகிவிடும். அதை எழுத அவருக்குக் கை வராது. எழுதினாலும் அதற்கு மேலே எவரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஃபைல் முதல் மேசைக்குத் திரும்பிப் போகும். இந்தப் பம்ப்பின் கடைசிப் பங்கு நிற்கும். அடுத்த இரண்டு குடியிருப்புகளின் பம்ப்பும் நிற்கும். போட்டோவில் இருக்கிற மாதிரி இருந்தால் இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கப்பலேறிவிடுவேன் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

அதற்குள் விஷயம் அடுத்த குடியிருப்புகளுக்குப் போய்விட்டது. யார் சொல்லி அனுப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. பத்துப் பதினைந்து பெண்கள் வந்துவிட்டார்கள். எல்லோரும் அக்காவோடு தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். ஒரே கப்பலில் வந்த குடும்பங்களும் அதில் உண்டு. அவர்களுடைய கிணறு இன்னும் உப்பு. அவர்களுடைய பம்ப் இந்தக் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.

அதில் ஒரு பெண் நேராக அக்காவிடம் வந்து, "ஒன் கீரைக்காக எம் புள்ளைங்க உப்புத் தண்ணி குடிக்கணுமா ராசம்மா?" என்றாள்.

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

இந்த இடத்தில் நியாயம் யார் பக்கம்? நான் பலமுறை யோசித்துவிட்டேன். அக்கா பக்கம் நியாயம். அந்தப் பெண் பக்கமும் நியாயம். மாணிக்கம் போட்ட முதலை எடுக்க வேண்டாமா? ஆபீசருக்கு வேலை போனால் யார் சோறு போடுவது? ஆளுக்கு ஒரு நியாயம் இருந்தது. சூரியன் மட்டும்தான் பிடிவாதமாகத் தெற்கே நின்றது.

அக்கா ஜே.ஈ.யைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. ஆபீசரைப் பார்த்து, "திருப்பிடுங்க தொரை" என்றார்.

பிறகு பாத்திக்குப் போய்க் கீரையைப் பிடுங்க ஆரம்பித்தார். முற்றியது, முற்றாதது, விரல் நீளம் முளைத்தது, எல்லாவற்றையும். இனி தண்ணீர் இல்லை; விட்டுவைத்து என்ன பயன்? வாழை நாரால் கட்டி, வந்திருந்த பெண்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டுக் கொடுத்தார். கேள்வி கேட்டவளுக்கும் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். வாங்காமல் போவது இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

பேனலைத் திருப்பினார்கள். போட்டோவை வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிச் சொல்லித் திருப்பினார்கள். ஆபீசர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள் மாணிக்கம் ஒரு வெல்டரோடு வந்தார். போல்ட் இருந்தால்தானே தளர்த்துவான் என்று பட்டையைக் கம்பத்தோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்கள். வெல்டிங் மெஷினை ஓட்ட ஜெனரேட்டர் வந்தது. கிணற்று மோட்டாருக்குக் கிடைக்காத டீசல் அன்றைக்கு கேன் நிறையக் கிடைத்தது. மாணிக்கம் என்னிடம் வந்து, "புரா மத் மானோ தம்பி, தப்பா எடுத்துக்காதே" என்று தோளில் தட்டினார். எனக்கும் வெல்டருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

மற்ற இரண்டு பம்ப்பும் வந்தன. சொன்ன வாக்கு வாக்குதான்! ஆனால் ஃபைல் ஒத்துப்போவதற்காக, முதல் பம்ப்பின் வரைபடத்தில் 'வடக்கு நோக்கி' என்று எழுதிவிட்டார்கள். பாஸான வரைபடம் அதுதான். மற்ற இரண்டையும் அதைப் பார்த்துத்தான் நட்டார்கள். ஒன்றுக்கு எதிரில் ரோடாவது இருக்கிறது. இன்னொன்றுக்கு எதிரில் ரோடும் இல்லை, மேடை போட இடமும் இல்லை. காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

கீரையை வாங்கிப்போன பெண்களும் வறண்ட பருவத்தில் இன்னும் குடத்தோடுதான் நடக்கிறார்கள்.

இதில் யார் திருடினார்கள் என்று ரொம்ப நாள் தேடினேன். யாரோ ஒருத்தன் திருடியிருந்தால் மனசு ஆறியிருக்கும். யாரும் திருடவில்லை ஐயா. பேனல் நல்ல பேனல். மோட்டார் நல்ல மோட்டார். கம்பம் துருப்பிடித்தாலும் சாயவில்லை. மானியம் முழுசாக வந்து, சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. மானியம் பேனலுக்குத்தான், தண்ணீருக்கு என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. தண்ணீர் வந்ததா என்று பார்த்து மானியம் கொடுக்கிற ஒரு ஆபீசரை நான் எந்தத் தீவிலும் பார்த்ததில்லை. பம்ப் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நிற்கிறது. நன்றாகவே நிற்கிறது.

கீரையைப் பிடுங்கிய அந்தப் பருவம் முடிவதற்குள்ளேயே ராசம்மா அக்கா கொட்டகையைப் பூட்டிவிட்டார். மூட்டை முடிச்சை ஜெட்டிவரை நான்தான் தூக்கி வந்தேன். போர்ட் பிளேரில் ஒரு வீட்டில் தங்கிப் பாத்திரம் தேய்க்கிற வேலை. வீட்டுக்குள்ளேயே பைப் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். கப்பல் தாமதம். வழக்கம்போல. மூட்டைமேல் உட்கார்ந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க நாலு தீவு சுத்துன ஆளு தம்பி," என்றார். "நம்மள மாதிரி ஆளுங்க எந்தப் பக்கம் பாத்து நின்னா தண்ணி வரும்? தெரிஞ்சா சொல்லுங்க."

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் சிரிக்கவில்லை.

நான் அதுவரைக்கும் தெற்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.